ஈடுபாடு கேட்பவர்கள் மரியாதை கொடுத்தார்களா?

தூய்மைப் பணியாளர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே அதிகாரிகள் ஒரு குறை சொல்வார்கள்: "வேலையில் ஈடுபாடு இல்லை; சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டுவிடுகிறார்கள்." ஈடுபாடு என்ன, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் சோறா? அது வேலை செய்யும் இடத்தில் உருவாக வேண்டியது.

பேரூராட்சி ஒன்றில் 12 ஆண்டுகளாக ஒப்பந்த முறையில் குப்பை அள்ளும் அக்கா ஒருவரிடம் பேசினேன். "விடியக்காலம் அஞ்சரைக்கு வந்துடறேன் தம்பி. இத்தன வருசத்துல ஒப்பந்தக்காரர் நாலு பேர் மாறியாச்சு. ஒவ்வொரு தடவையும் நான் புது ஆளு. பி.எஃப். பிடிக்கிறாங்க, எங்க போவுதுன்னு தெரியாது. கையுறை கிழிஞ்சு ரெண்டு மாசமாச்சு. கடைத்தெருவக் கூட்டிட்டுத் தண்ணி கேட்டா, டம்ளர் தராம கையில ஊத்துறாங்க" என்றார்.

அமெரிக்க உளவியலாளர் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் சொன்னதை மேலாண்மை படிக்கும் மாணவர்கள் அறிவார்கள். கூலி, பணிச்சூழல், மேற்பார்வை சரியில்லாவிட்டால் அதிருப்தி வளரும். அங்கீகாரம், பொறுப்பு, முன்னேற்றம் கிடைத்தால் மனநிறைவு வரும். அந்த அக்காவுக்கு இந்த இரண்டு பட்டியலிலும் எதுவும் கிடைக்கவில்லை.

ஹெர்ஸ்பெர்க்குக்கு முன்பே, 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இதன் வேரைக் காட்டிவிட்டார். விருப்பமும் திறமையும் பாராமல் பிறப்பை வைத்து வேலையைத் தலையில் கட்டினால், மனமும் அறிவும் அதில் ஒன்றாது என்பது அவர் வாதம். இன்றும் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கும்போது நம் சேரிகளைத்தானே தேடி வருகிறார்கள்?

வேலை மாறினாலும் சாதி விடுவதில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் பட்டியல் சாதிப் பெண் சமைப்பதைச் சிலர் எதிர்த்தபோது, அதிகாரிகள் முதலில் அந்தப் பெண்ணைத்தான் இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. தன்னை அவமதித்தவர்கள் பக்கம் நிற்கும் நிர்வாகத்திடம் எந்த ஊழியருக்குப் பற்று வரும்?

கழிவுநீர்க் குழியில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வேண்டியதுதான். ஆனால் உயிரோடு உழைப்பவருக்கு முதலில் செய்ய வேண்டியவை உள்ளன. மாதாமாதம் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, கிழியாத கையுறை, உடை மாற்றவும் குளிக்கவும் ஓர் அறை வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் பணிக்காலம் அறுபடக் கூடாது. நிரந்தர வேலையை நிரந்தரப் பணியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். இவற்றில் எதுவும் சலுகை அல்ல.

கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீரோடு நம் ஊர்த் தூய்மைக் காவலரின் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்றும் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவைக் கூட்டும் அம்மாவின் பி.எஃப். கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் ஏறியிருக்கிறதா என்று அவர் முன்னாலேயே கைப்பேசியில் பார்த்துச் சொல்லுங்கள். ஏறவில்லை என்றால் மனு எழுத உதவுங்கள். அவர் தண்ணீர் கேட்டால் நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே கொடுங்கள்.