பெல்ட் கொடுத்தால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல்தான் நம் பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள். கடைக்கும் ஹோட்டலுக்கும் போனவர்கள் போக, மற்றவர்கள் மாடிக் கட்டடங்களின் வெளிப்புறச் சாரத்தில் நின்று சுவர் பூசுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். ஒருவர் விழுந்துவிட்டால் சைட்டில் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பெல்ட் கொடுத்தோம், பையன் கவனமில்லாமல் இருந்துவிட்டான்."

இந்தப் பதிலை நாம் ஏற்கக் கூடாது. பெல்ட்டை எதில் கொளுவுவது? சாரத்துக் குழாயில் கொளுவச் சொல்கிறார்கள். அந்தச் சாரமே கட்டடத்தோடு இறுகக் கட்டப்படாவிட்டால், சரியும்போது பெல்ட் போட்டவரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு விழும். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழுகிறவரின் வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் வேண்டும். அதைக் கொளுவ, கட்டடத்திலேயே உறுதியாகப் பொருத்திய தனிக் கயிறு வேண்டும்.

அதுவும் கடைசிக் காவல்தான். முதல் காவல் ஒழுங்கான சாரம். கால்கள் மண்ணில் புதையாதபடி அடித்தகடு, இடைவெளியில்லாத பலகை, இடுப்புயரத்திலும் நடுவிலும் தடுப்புக் குழாய், காலடியில் தடுப்புப் பலகை, ஏறி இறங்க ஏணி. இவற்றில் எதையும் கூலிக்கு நிற்பவர் வாங்கிப் போட முடியாது. முதலாளி மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு நம் பிள்ளை உயிரைக் கொடுக்கிறான்.

நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. பாதுகாப்பான சாரம், தகுதியுள்ளவரின் பரிசோதனை, உயிராபத்து என்று கண்டால் விலகி நிற்கும் உரிமை ஆகியவற்றைச் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 167ஆம் இலக்கச் சமவாயம் 1988இலேயே சொல்லிவிட்டது.

"நியமனக் கடிதம் இல்லை, நட்டஈடும் இல்லை" என்று உப கொந்தராத்துக்காரர் கைவிரித்தால் நம்பாதீர்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. கையில் கொஞ்சம் காசைத் திணித்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், போடாதீர்கள். முதலில் சங்கத்துக்கு அறிவியுங்கள்.

நாம் கோருவது:

1. தகுதியுள்ளவர் பரிசோதித்துக் கையெழுத்திட்ட அட்டை தொங்காத சாரத்தில் யாரையும் ஏற்றக் கூடாது. மழை, காற்றுக்குப் பின் மறுபரிசோதனை வேண்டும்.
2. உப கொந்தராத்துக்காரரைக் காட்டித் தப்பாமல் பிரதான கம்பனியே பொறுப்பேற்க வேண்டும்.
3. தொழில் திணைக்கள அதிகாரிகள் சாவுக்குப் பிறகு வராமல், முன்னறிவிப்பின்றி முன்கூட்டியே வரவேண்டும்.
4. ஏற மறுத்தவரின் நாட்சம்பளத்தை வெட்டக் கூடாது.

தோட்டத் தலைவர்மாரே, கொழும்பில் கட்டட வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பெயர், சைட், கொந்தராத்துக்காரர் விபரங்களை இந்த மாதமே எழுதி எடுங்கள். பெற்றோரே, பிள்ளையிடம் சம்பளத்தைக் கேட்கும்போது சாரத்தைப் பற்றியும் கேளுங்கள். தோட்ட எல்லையைத் தாண்டினாலும் அவர்கள் நம் தொழிலாளர்கள். சங்கமும் அவர்களோடு எல்லை தாண்டியாக வேண்டும்.