மண்ணோடு தங்கப் போறீங்களா? சர்டிபிகேட் வாங்கும் முன் சில கேள்விகள்

1/ போன மாசம் ஒரு பொண்ணு கிளினிக்குக்கு வந்தாங்க. வயசு 27, மட்பாண்டக் கலைஞர். "டாக்டர், ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும். மூணு மாசம் செராமிக் ரெசிடென்சிக்குப் போறேன். அங்கேயே தங்கி, சேர்ந்து சமைச்சு சாப்பிட்டு, அங்கேயே வேலை"ன்னாங்க. முகம் பூரா சந்தோஷம்.

2/ பிரஷர், நாடி, நெஞ்சு எல்லாம் பார்த்தேன். எல்லாம் நார்மல். கையெழுத்து போடும்போது சும்மா கேட்டேன்: "ராத்திரி எங்கம்மா தூங்குவீங்க?" போன்ல ஒரு போட்டோ காட்டினாங்க. பெரிய ஹால், வரிசையா சக்கரங்கள், மேலே மரப்பலகையில் ஒரு பரண், பரண்ல ஆறு மெத்தை. "சூப்பரா இருக்குல்ல டாக்டர்?"

3/ நிஜமாவே அழகாத்தான் இருந்தது. ஆனா எனக்கு வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். மண் வேலை செய்றவங்க, வார இறுதி பாட்டரி கிளாஸ் போறவங்க, பிள்ளைகளை அனுப்புறவங்க எல்லாரும் முழுசா படிச்சிடுங்க.

4/ முதல்ல ஒண்ணு: நான் இந்த ரெசிடென்சிகளுக்கு எதிரி இல்லை. எங்க ஊர்ல ரெசிடென்சின்னா பி.ஜி. டாக்டர்களோட தூக்கமில்லாத வாழ்க்கை. நான் புத்தகத்துல கத்துக்கிட்டதை விட ஹாஸ்டல் மெஸ்ல, ராத்திரி ரெண்டு மணி டீயில கத்துக்கிட்டது அதிகம். சேர்ந்து வாழ்ந்தா தொழில் ஒட்டும். மண்ணுக்கும் அதே கதைதான்.

5/ அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து ஹெலனா நகரில் ஆர்ச்சி பிரே என்பவர் தன் செங்கல் தொழிற்சாலை வளாகத்திலேயே 1951-ல் ஒரு மட்பாண்ட மையம் தொடங்கினார். பீட்டர் வோல்கோஸ், ரூடி ஆட்டியோ என்ற இரண்டு இளைஞர்கள் பகலில் செங்கல் சூளை வேலை, மற்ற நேரத்தில் சொந்த வேலை என்று இருந்தார்கள். இருவரும் பின்னாளில் அந்நாட்டின் பெரிய பெயர்கள்.

6/ ஜப்பானின் ஷிகராக்கியில் 1990-களின் தொடக்கத்திலிருந்து கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் மையம் இருக்கிறது. நெதர்லாந்தின் ஓய்ஸ்டர்வைக் ஊரில் ஒரு பழைய தோல் தொழிற்சாலைக்குள் ஐரோப்பிய செராமிக் மையம் இயங்குகிறது. அங்கே போகிறவர்கள் மாதக்கணக்கில் ஒரே வளாகத்தில் தங்குவார்கள், சமையலறையும் பொது.

7/ நம்ம பக்கத்துலயே புதுச்சேரி. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அது ரெசிடென்சி என்பதை விட பட்டறைப் பள்ளி. இன்று இந்தியாவில் பெயர் சொல்லும் ஸ்டுடியோ மட்பாண்டக் கலைஞர்கள் பலர் அங்கே கை பழகியவர்கள்.

8/ ஏன் சேர்ந்து இருக்கணும்? சூளைக்கு ஆள் வேணும். விறகு சூளை ஒன்றை 1200 டிகிரிக்கு மேல் கொண்டுபோக, பெரிய சூளை என்றால் நாள் கணக்கில், ராத்திரி பகல் பார்க்காம விறகு போடணும். ஒருத்தர் தூங்க ஒருத்தர் முழிக்கணும். இதைத் தனியா யாராலும் செய்ய முடியாது. அந்த ராத்திரிகள்லதான் பேச்சு, சண்டை, நட்பு, தொழில் ரகசியம் எல்லாம்.

9/ சரி, இப்போ பிரச்சினைக்கு வர்றேன். களிமண்ணில் குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா கலந்திருக்கும். கிளேஸ் பவுடரிலும் இருக்கும். ஈரமா இருக்கிற மண் ஒண்ணும் பண்ணாது. காய்ந்து, மிதிபட்டு, தூளாகி, காற்றில் ஏறினால்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியிற தூசி மூக்கிலேயே நின்னுடும். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆழம் வரை போகும்.

10/ நுரையீரலின் காற்றுப்பைகளில் மேக்ரோபேஜ் என்ற துப்புரவு செல்கள் உண்டு. சிலிக்கா துகளை அது விழுங்கும். விழுங்கிய செல் செத்துப்போகும். துகள் மறுபடி வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். இப்படியே நடந்து அந்த இடம் தழும்பாகிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பைப் போக்க மருந்து இல்லை. காசநோய் வரும் வாய்ப்பும் கூடும். நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் உண்டு.

11/ இது புது விஷயம் இல்லை. இங்கிலாந்தின் பாண்டத் தொழிலில் சிக்கிமுக்கிக் கல்லை உலர்வாக அரைத்ததில் தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1726-லேயே தாமஸ் பென்சன் என்பவர் தண்ணீருக்குள் அரைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முந்நூறு வருஷமா நமக்குத் தெரிஞ்ச வைத்தியம் அதுதான்: தண்ணீர்.

12/ பயமுறுத்த எழுதலை. மூணு மாசம் தங்கினதால யாருக்கும் சிலிக்கோசிஸ் வந்துடாது. நாள்பட்ட சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு வருவது. அப்புறம் ஏன் இவ்வளவு கவலைன்னு கேக்குறீங்களா? ரெண்டு காரணம்.

13/ முதல் காரணம், எட்டு மணி நேரக் கணக்கு. அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிப்படி, வேலையிடத்து ஒரு கன மீட்டர் காற்றில் சிலிக்கா 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அது 8 மணி நேரச் சராசரி. அதாவது, ஷிஃப்ட் முடிஞ்சு நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க, மீதி 16 மணி நேரம் நல்ல காற்று சுவாசிப்பீங்க என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு.

14/ சக்கரத்துக்கு மேலேயே பரண் போட்டுத் தூங்கினா அந்தக் கணக்கு என்ன ஆகும்? ஷிஃப்ட்டே முடியாது. நுண்தூசி கீழே இறங்க மணிக்கணக்கில் ஆகும். ஏப்ரனோட சாப்பிட உட்கார்றோம், அதே பேண்ட்டோட மெத்தையில் சாயறோம். தலையணையில் மண். ஃபேன் போட்டா அதுவும் நம்ம மூஞ்சிக்கே வரும்.

15/ ரெண்டாவது காரணம் சூளைப் புகை. எரிவாயுச் சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும்போது கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். மின்சூளையிலும் மண்ணிலுள்ள கரிமப் பொருள் எரியும்போது கொஞ்சம் வரும். நிறமில்லை, மணமில்லை. முழிச்சிருக்கிறவங்களுக்குத் தலைவலி, குமட்டல்னு எச்சரிக்கை கிடைக்கும். தூங்குறவங்களுக்கு அதுவும் கிடைக்காது. சூளையும் படுக்கையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கவே கூடாது.

16/ "எங்க தாத்தா காலத்துல வீட்டுத் திண்ணையிலதானே பானை வனைஞ்சாங்க"ன்னு சிலர் கேட்பீங்க. உண்மைதான். ஆனா திண்ணை திறந்த வெளி. சூளை ஊருக்கு வெளியே. கண்ணாடி ஜன்னலைச் சாத்தி ஏ.சி. போட்ட ஹாலும் திண்ணையும் ஒண்ணா? இன்னொண்ணு, அந்தத் தாத்தாவோட நெஞ்சை யாரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில்லை. இருமினா "காசம்"னு சொல்லி முடிச்சுட்டோம்.

17/ இனி அந்தப் பொண்ணுக்கு மருந்துச் சீட்டின் பின்னாடி எழுதிக்கொடுத்த கேள்விகள். எந்த ரெசிடென்சிக்குப் போனாலும் விண்ணப்பத்துக்கு முன்னாடி இதைக் கேளுங்க.
அ) தூங்குற அறையும் சமையலறையும் வேலைக்கூடத்திலிருந்து தனியா இருக்கா?
ஆ) சூளை எங்கே இருக்கு, புகை எப்படி வெளியே போகுது, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கா?

18/ இ) தரையை எப்படிச் சுத்தம் பண்றீங்க? "விளக்குமாறு"ன்னு பதில் வந்தா யோசிங்க. உலர்வாகப் பெருக்குவதுதான் மோசமான பழக்கம். ஈரத் துடைப்பம், ஈர ஸ்பாஞ்ச், இல்லைன்னா ஹெப்பா ஃபில்டர் வேக்கூம்.
ஈ) கிளேஸ் பவுடர் கலக்க தனி இடம் இருக்கா? ஈயம், மாங்கனீஸ், பேரியம் கார்பனேட் எதெல்லாம் பயன்படுத்துறீங்க? குழந்தைகள் வந்து போற இடம்னா இது ரெண்டு மடங்கு முக்கியம்.

19/ ஈயம் சின்ன விஷயம் இல்லை. 1700-லேயே தொழில்நோய்கள் பற்றி எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, ஈயக் கிளேஸ் போடும் குயவர்களின் கை நடுங்குவதையும் செயலிழப்பதையும் பதிவு செய்திருக்கிறார். இன்றைக்கு ஈயமில்லாத கிளேஸ் தாராளமா கிடைக்குது. சாப்பிடுற தட்டுக்கு வேற எதுவும் வேண்டவே வேண்டாம்.

20/ நீங்களா செய்ய வேண்டியது: வேலை முடிஞ்சதும் உடை மாத்துங்க. ஏப்ரனை உதறாதீங்க, தண்ணியில போடுங்க. பவுடர் கலக்கும்போதும், காய்ந்த பானையைத் தேய்க்கும்போதும் முகத்தில் நல்லாப் பொருந்துற என்95 மாஸ்க். துணி மாஸ்க் இதுக்குப் பத்தாது. சூளைக்குள் எட்டிப் பார்க்க அதற்கான நிறக் கண்ணாடி. விறகு சூளை ராத்திரிகளில் தண்ணீர், உப்பு, முறை வைத்துத் தூக்கம்.

21/ சேர்ந்து வாழுற இடத்துல இன்னொரு சிக்கல். வீட்டுல தனியா வேலை பார்த்தா என் தூசி என் நுரையீரலுக்கு. அங்கே என் தூசி பன்னிரண்டு பேர் நுரையீரலுக்கு. ஒருத்தர் சோம்பேறித்தனமா விளக்குமாறை எடுத்தா போதும். அதனால இதைத் தனிநபர் ஒழுக்கம்னு விட முடியாது. சமையல் முறை போடுற மாதிரியே ஈரத் துடைப்பம் முறையும் சுவரில் எழுதி ஒட்டணும்.

22/ கடைசியா, எனக்கு முக்கியமான கேள்வி. உ) இங்கே மண் அரைக்கிற, சலிக்கிற, சூளை அடுக்குற, தரை பெருக்குற உதவியாளர் யாரு? அவர் எத்தனை வருஷமா இருக்கார்? அவருக்குக் கடைசியா எப்போ நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தீங்க?

23/ ஏன்னா நீங்க மூணு மாசத்துல கிளம்பிடுவீங்க. அடுத்த பேட்ச் வரும், அதுவும் போகும். அந்த அண்ணன் இருபது வருஷம் அதே தூசியில நிப்பார். பல இடங்கள்ல அவரும் வளாகத்திலேயே குடும்பத்தோட தங்கியிருப்பார். கண்காட்சி அட்டையில அவர் பேர் இருக்காது. சிலிக்கோசிஸ் வந்தா அவருக்குத்தான் வரும். அதுவும் டி.பி.ன்னு நினைச்சு மாத்திரை கொடுத்துக்கிட்டே இருப்போம்.

24/ சிலிக்கோசிஸ் நம்ம நாட்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆனா நாலு பேர் வேலை பார்க்கிற கலைக்கூடத்தை யாரும் தொழிற்சாலைன்னு நினைக்கிறதில்லை. சட்டம் எட்டாத இடத்துல விருந்தாளியோட கேள்வி எட்டும். கலைஞர்கள் கேட்க ஆரம்பிச்சா நடத்துறவங்க செய்வாங்க. ஒரு எக்ஸ்ரே, வருஷம் ஒரு தடவை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. ஒரு சூளை ஏத்துற எரிவாயு செலவை விட இது பெரிசா இருக்காது.

25/ அந்தப் பொண்ணுக்கு சர்டிபிகேட் கொடுத்துட்டேன். போகக் கூடாதுன்னு சொல்ல எனக்கு மனசும் வரலை, காரணமும் இல்லை. கேள்விகளை மெயில்ல அனுப்பினாங்களாம். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு: படுக்கையைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாத்தித் தர்றோம், அலாரம் வாங்குறோம், விளக்குமாறை நிறுத்துறோம். நல்ல மனுஷங்கதான். இதுவரை யாரும் கேட்கலை, அவ்வளவுதான்.

26/ அஞ்சாவது கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரலை. "போய் இறங்கினதும் முதல் வேலையா அந்த அண்ணன்கிட்டயே நேரா கேட்கிறேன் டாக்டர்"னு நேத்து மெசேஜ் போட்டிருந்தாங்க. கேட்கட்டும். நீங்க போற இடத்துலயும் கேளுங்க.

மண் வேலை செய்றவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா இதை அனுப்பி வைங்க. ரொம்ப நாளா இருமல், மூச்சு வாங்குதுன்னா தள்ளிப்போடாம நுரையீரல் டாக்டரைப் பாருங்க. பார்க்கும்போது "நான் மண் வேலை செய்றேன்"னு மறக்காம சொல்லுங்க. அதை நாங்களா கேட்க மாட்டோம். அது எங்க தப்பு.