போர்டு பேசவில்லையா? தப்பு உங்கள் மீது இல்லை!



அறிவியல் கண்காட்சிக்கு, இருட்டினால் தானாக எரியும் விளக்கு செய்ய என் பேத்தி ஒரு போர்டு வாங்கினாள். 'அர்டுயினோ நானோ' மாதிரியில் செய்த, விலை குறைந்த நகல் போர்டு. கணினியில் செருகினால், கணினி கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு நாள் போராடிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்று மூலையில் போட்டுவிட்டாள். பல ஆண்டு வகுப்பறையில் நின்றவன் நான். 'வராது' என்ற சொல்லை மட்டும் என்னால் தாங்க முடியாது.

அர்டுயினோ, 2005ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களுக்காகப் பிறந்தது. அதன் வரைபடம் ரகசியமல்ல. பார்த்து யாரும் செய்யலாம். பெயரை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. எனவே, நகல் வாங்குவது திருட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு சிக்கல் எங்கே? போர்டுக்கும் கணினிக்கும் நடுவே, மொழிபெயர்ப்பாளர் போல ஒரு சிப் உண்டு. பழைய அசல் நானோவில் அது எஃப்டி232. விலையைக் குறைக்க, நகல்களில் பெரும்பாலும் சிஎச்340 வைக்கின்றனர். அதற்கான டிரைவர் கணினியில் இல்லாவிட்டால் போர்டு ஊமைதான்!

டிரைவரைப் போட்டோம். கணினி அடையாளம் கண்டது. ஆனால், புரோகிராம் ஏறவில்லை. 2018ல் அசல் நானோவின் பூட்லோடர் மாறிவிட்டது; பல நகல்களில் பழையதே இருக்கிறது. 'புராசஸர்' பட்டியலில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும், போர்டின் குட்டி விளக்கு கண் சிமிட்டியது. பேத்தி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது! (சில சார்ஜர் கேபிள்களில் தகவல் போகும் கம்பியே இருக்காது, கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.)

என் கோபம் விற்பவர்கள் மீதுதான். என்ன சிப், எந்த டிரைவர் என்று ஒரு துண்டுச்சீட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? அதைவிட மோசம், பொய்ப் பெயர் போடுவது. 2014ல் எஃப்டிடிஐ நிறுவனம், தன் பெயரில் வந்த போலி சிப்களை முடக்கும் டிரைவரை வெளியிட்டது. விண்டோஸ் அப்டேட் வழியாக அது வந்து இறங்க, போலி என்றே தெரியாமல் வாங்கியவர்களின் கருவிகள் நின்று போயின. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றனர். நகல் வேறு, போலி வேறு. சிஎச்340 என்று வெளிப்படையாக எழுதி விற்பவரிடமே வாங்கச் சொல்லி, அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்.

பேத்தி இப்போது தன் போர்டின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாள்: 'சிஎச்340, பழைய பூட்லோடர்'.