கூடாரமும் கட்டுப்பாடும்

வண்டியும் கூடாரமும் இருந்தால் போதும், உலகம் நம்முடையது என்று எண்ணும் இளைஞர் நம்மிடையே பலர். மோட்டார் சைக்கிளில் தனியே செல்ல வேண்டும். இருட்டிய இடத்தில் கூடாரம் அடித்துத் துயில வேண்டும். எவரிடமும் இடம் கேட்கக்கூடாது. இதுவே விடுதலைப் பயணம் என்பது அவர்கள் கருத்து. இதில் பாதியை நான் மகிழ்ந்து ஏற்கிறேன், மறுபாதியை மறுக்கிறேன். காரணத்தை ஒரு தீவைக் கொண்டே காட்டுவேன்.

மத்தியதரைக் கடலில், இத்தாலிக்கு மேற்கே கிடப்பது சார்டினியா. பரப்பு ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர். மக்களோ 16 லட்சத்துக்கும் குறைவு. லிவோர்னோவில் வண்டியோடு கப்பல் ஏறினால் ஓர் இரவில் தீவை அடையலாம். இருசக்கர வண்டிக்கென்றே போட்டவை போன்றவை அதன் சாலைகள். டோர்காலியிலிருந்து பவுனேய் செல்லும் 125-ஆம் எண் சாலை, சுண்ணாம்புக்கல் மலைகளை வளைந்து வளைந்து ஏறி, ஜென்னா சிலானா கணவாயில் ஆயிரம் மீட்டர் உயரத்தைக் கடக்கிறது. தீவெங்கும் நுராகே எனப்படும் பழங்காலக் கற்கோபுரங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன.

இத்தகைய வழியில் தனியே செல்வது ஒரு கல்வி. பேச்சுத் துணை இல்லாதவன் காற்றின் போக்கைக் கவனிப்பான். வளைவில் வேகத்தை அடக்கத் தானே கற்பான். டயர் பழுதானால் தன் கையை நம்புவான். மொழி தெரியாத ஊரில் கூச்சம் விட்டு உதவி கேட்பான். தேர்வு மண்டபம் தராத பயிற்சி இது. நான் ஏற்கும் பாதி இதுதான்.

மறுபாதிக்கு வருவோம். அனுமதி பெற்ற முகாம்களுக்கு வெளியே கூடாரம் அடிப்பதைச் சார்டினியாவின் சட்டம் தடுக்கிறது, மீறினால் அபராதம். “வானமும் மண்ணும் எவன் வீட்டுச் சொத்து?” என்று சீறுகிறார் நம் வீரர். அவருக்கு விடை அந்த மண்ணிலேயே இருக்கிறது.

கோடையில் அத்தீவில் மழை அரிது. மலைச்சரிவை மூடிய புதர்களின் இலைகளில் எண்ணெய்ப்பசை உண்டு. வடமேற்கிலிருந்து மிஸ்திரால் காற்று வீசினால் ஒரு பொறி போதும். 2021 ஜூலையில் மோன்டிபெர்ரு மலைப்பகுதியில் பற்றிய தீ பத்தாயிரம் எக்டேருக்கு மேல் தின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேற நேர்ந்தது. குக்லியேரி ஊரில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதாக மதிக்கப்பட்ட ஒலிவ மரமும் எரிந்தது. கூடாரம் அடித்தவன் மூட்டிய தீ அது என்று நான் சொல்லவில்லை. தேநீர் காய்ச்ச அடுப்பு மூட்டுபவன் எத்தகைய மண்ணில் அமர்ந்திருக்கிறான் என்பதை அறிய வேண்டும் என்றே சொல்கிறேன். அவன் விடிந்ததும் போய்விடுவான். ஆடு மேய்ப்பவனும் ஒலிவம் பயிரிடுபவனும் அங்கேயே வாழ வேண்டும்.

கடற்கரையும் அப்படியே. மணற்குன்றைப் பிடித்து நிற்பவை செடிகளின் வேர்கள். ஒருவன் மிதித்தால் தெரியாது. ஒவ்வொருவனும் “நான் ஒருவன்தானே” என்று மிதித்தால் குன்றே கரையும். புதெல்லித் தீவின் இளஞ்சிவப்பு மணற்கரையைப் பயணிகள் அள்ளி அள்ளிச் சென்றதால், 1990-களில் அங்கே கால் வைப்பதையே தடுக்க நேர்ந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கடற்கரை மணல் எடுப்போருக்கு 3,000 யூரோ வரை அபராதம் விதிக்கிறது.

ஆயினும் ஏழைப் பயணியின் குறையையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. 1962-இல் ஆகா கான் தலைமையில் கூடிய முதலாளிகள் அதே தீவின் வடகிழக்குக் கரையைச் செல்வர்களின் உல்லாசபுரியாக்கத் தொடங்கினர். ஒரே ஓர் இரவுக்குக் கூடாரம் அடிப்பவன் குற்றவாளி. காலமெல்லாம் நிற்கும் மாளிகை கட்டுபவன் விருந்தாளியா? 2006-இல் வந்த நிலக்காட்சித் திட்டம் கடற்கரையோரக் கட்டடங்களுக்குக் கடுங்கட்டுப்பாடு விதித்தது. அது நல்லதே. ஆனால் தடை மட்டும் போதாது. நெருப்பு மூட்டாமல் இரவு தங்கி விடியலில் புறப்படும் தனிப்பயணிக்கென, தண்ணீர்க் குழாயும் காவலும் உள்ள எளிய இடங்களை மலையூர்களில் குறைந்த கட்டணத்தில் திறக்க வேண்டும். வழி காட்டாமல் தடை மட்டும் போடும் சட்டம் திருட்டுத்தனத்தையே வளர்க்கும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது என்ன? கூட்டமும் வெயிலும் தணிந்த மே, செப்டம்பர் மாதங்களைத் தேர்வோம். இருட்டும் முன்னரே முகாமையோ பண்ணை விடுதியையோ நாடி இடம் கேட்போம். கேட்பதால் வீரம் குறைந்துவிடாது. கேளாமல் தங்கியவன் அந்த நாட்டில் இருளை மட்டும் கண்டு திரும்புவான். கேட்டுத் தங்கியவன் மனிதரையும் கண்டு திரும்புவான்.

தனியே செல்லுங்கள், தோழர்களே! தடையின்றிச் செல்லுங்கள்! ஆனால், நாம் படுத்து எழுந்த மண் நாளையும் ஒருவனுக்கு வீடு என்பதை மட்டும் மறவாதீர்கள்.