துடைப்பமும் இசைத்தட்டும்

மார்கழித் திங்கள் முடிவை நெருங்குங்கால் தமிழர் இல்லங்களில் ஒரு பெரும்போர் மூளுகின்றது. ஒட்டடைக்கம்பு வேலாகின்றது, துடைப்பம் வாளாகின்றது. பரண்மேல் ஓராண்டு உறங்கிய பாத்திரங்களெல்லாம் ஆர்ப்பரித்துக் கீழே இறங்குகின்றன. இப்போரில் நடுநிலைமை வகிப்பார்க்கு இடமில்லை. திண்ணையில் நாளிதழும் கையுமாய் அமர்ந்திருக்கும் ஆடவரே முதற்கண் சிறைப்படுவர். அடுத்த கணம் அவர் கையில் சுண்ணாம்புச் சட்டி விளங்கும்.

இவ்வழக்கம் நமக்கே உரியதன்று. பாரசீகர் மார்ச்சு மாதத்தில் வரும் தம் புத்தாண்டாகிய நவுரோசுக்கு முன்னர் வீடு முழுவதையும் துப்புரவு செய்வர். அதற்கு வீட்டை உலுக்குதல் என்றே அவர் மொழியில் பெயர். யூதர் பஸ்காப் பண்டிகைக்கு முன் புளித்த மாவின் துணுக்கும் எஞ்சாதவாறு மூலை முடுக்கெல்லாம் துருவித் துடைப்பர். குளிர்நாட்டார் பனிக்காலமெல்லாம் அடுப்பெரித்துச் சுவரிற் படிந்த கரியை இளவேனில் பிறந்தவுடன் கழுவி, அடைத்துவைத்த சாளரங்களைத் திறந்துவிடுவர். நம் நாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களிலும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன் வெள்ளையடித்தல் நெடுநாளைய வழக்கமன்றோ? ஆதலின் தூய்மையைப் பழிக்க யாம் முன்வந்தோமில்லை. இவ்வாண்டு போகியை ஒட்டி யாம் செய்யவேண்டிய துப்புரவு வேலையைச் செய்யாது விட்டோம். அதற்கு ஈடாகப் பழைய பாட்டுக்களைக் கேட்டிருந்தோம். அது குற்றமன்று என்பதும், சிற்சில வேளைகளில் அதுவே செய்யத்தக்கது என்பதும் எமது துணிபு. அதற்குரிய காரணங்களை நம் கல்லூரி அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதற்கண் எம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். சில ஆண்டுகட்கு முன் வந்த ஒரு போகியில் எம்மினும் ஊக்கமுடையார் எத்தெருவிலும் இலர். பரணைத் துடைத்து வெறுமையாக்கினோம். பழைய சாமான் வாங்குபவர் வந்தார். உடைந்த தையல் இயந்திரம், துருப்பிடித்த இரும்புப் பெட்டி ஆகியவற்றோடு முப்பது கிராமபோன் இசைத்தட்டுக்கள் அடங்கிய மரப்பெட்டியையும் எடை போட்டுக் கொடுத்தோம். இயந்திரம் இல்லாத வீட்டில் தட்டுக்கள் எதற்கு என்பது அன்றைய எம் தருக்கம். ஈராண்டு கழித்து எம் அன்னையார் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். தம் தந்தையார் வாங்கித் தந்த ஒரு நாடகப் பாட்டைக் கேட்கவேண்டுமென ஒருநாள் விரும்பினார். கைப்பேசியில் இரவெல்லாம் தேடினோம். நூற்றுக்கணக்கான பழம்பாட்டுக்கள் கிடைத்தன. அப்பாட்டு மட்டும் கிடைத்திலது. அன்னையாரே மெல்லப் பாடத் தொடங்கினார். முதலடிகள் வந்தன. இரண்டாம் அடியெடுப்பில் குரல் நின்றது. "மிச்சம் தட்டில் இருக்கிறது, எடுத்து வை" என்றார். அத்தட்டு எம் கையாலேயே போயிற்று என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. இன்று அவர் இல்லை. வீடு தூய்மையாகத்தான் இருக்கின்றது.

இவ்வாண்டு மார்கழி இறுதியில், முதுமையுற்ற எம் அத்தையார் இல்லத்தைத் துப்புரவு செய்ய உதவும்பொருட்டுச் சென்றோம். ஏணி வைத்துப் பரணில் ஏறியவுடன் எம் கண்ணிற்பட்டது அதே போன்றதொரு மரப்பெட்டி. கீழிருந்து அத்தையார், "அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே தம்பி, முதலில் திற" என்றார். திறந்தோம். உள்ளே பதினொரு தட்டுக்கள்; அருகில் கைப்பிடி சுழற்றும் இயந்திரம்; அதன் மூடியில் ஊசிகள் நிறைந்த சிறு தகரச் சிமிழ். சுருள்வில்லுக்குச் சிறிது எண்ணெய் விட்டதும் தட்டுச் சுழன்றது. அன்று முற்பகலில் தொடங்கிய கச்சேரி விளக்கேற்றும் வேளை வரை நீடித்தது. இடையிடையே துடைப்பத்தை எடுத்தோம்; "வேலை எங்கே போகிறது? இன்னொன்று வை" என்றார் அத்தையார். அவ்வீட்டு ஒட்டடை பொங்கல் கழிந்த பின்னரே நீங்கிற்று. அதனால் பொங்கல் பானை பொங்காமல் இருந்துவிடவில்லை.

இனி, இதற்கு மாறாகக் கூறுவாரின் வாதங்களை ஆராய்வோம். பழையன கழிதல் வேண்டுமென்று நன்னூலே விதித்ததன்றோ என்பார் பலர். போகி நாளில் இச்சூத்திரத்தை எடுத்துக்காட்டாத மேடையும் இல்லை, இதழும் இல்லை. ஆனால் பவணந்தியார் இலக்கணம் வகுத்தவர். வீட்டுச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதியவரல்லர். மொழி வழக்கில் சில பழையன மறைவதும் சில புதியன தோன்றுவதும் காலத்தின் தன்மையால் நிகழ்வன; ஆகவே அவை பிழையாகா என்பதே அவர் கருத்து. பிழையாகாது என்றாரேயன்றிப் பழையதைத் தேடிப்பிடித்துத் தீயிலிடுக என்று அவர் ஏவினாரல்லர்.

தீயின் விளைவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிழிந்த பாயும் உலர்ந்த ஓலையும் எரிந்த இடத்தில் இரப்பரும் நெகிழியும் எரியத் தொடங்கிய பின் போகிப் புகை நகரத்தார்க்கு நஞ்சாயிற்று. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் பனியும் கலந்து கவிந்தமையால் சென்னைக்கு வந்த விமானங்கள் இறங்க இயலாது திருப்பி விடப்பட்டன. இது காற்றிற்கு நேர்ந்த கேடு. கல்விக்கு நேர்ந்த கேடு இதனினும் பழைமையானது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942) ஊர் ஊராக ஏட்டுச்சுவடி தேடி அலைந்த காலத்தில், சுவடிகள் ஆற்று வெள்ளத்தில் விடப்பட்டதையும் நெருப்பில் இடப்பட்டதையும் கேட்டு உள்ளம் நொந்தவர். அத்துயரைத் தம் உரைநடை நூல்களில் எழுதியும் வைத்தார். அவ்வாறு செய்தவர்கள் தமிழுக்குப் பகைவரல்லர். அவர்கள் வீட்டையும் மடத்தையும் துப்புரவு செய்தார்கள், அவ்வளவே. நல்லெண்ணத்தோடு கூடிய துடைப்பம் பகைவனது வாளினும் கொடிதாகும் என்பதற்கு இஃதொரு சான்று.

சுவடியையும் சினிமாப் பாட்டையும் ஒரே தட்டில் வைப்பதா என்று வித்துவான்கள் சிலர் முகஞ்சுளிக்கலாம். அன்னார்க்கு எம் விடை இது: மக்கள் நாவில் இரண்டு மூன்று தலைமுறை நின்ற பாட்டை எளிதென்று எண்ணல் தகாது. எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்தார். ஒலிபெருக்கியின் துணையின்றிக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிய அக்குரல், பேசும்படங்கள் தமிழில் வேரூன்று முன்னரே அடங்கிவிட்டது. இன்று அவரை நாம் கேட்பது இசைத்தட்டால் அன்றோ? அவர் மனைவியார் கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்றுப் பாடியதற்கு ஓரிலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். அந்நாளில் அது நம்புதற்கரிய தொகை.

எம். கே. தியாகராஜ பாகவதரின் வரலாறு இன்னும் வியப்புடையது. 'ஹரிதாஸ்' 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாட்டுக்களை இயற்றியவர் பாபநாசம் சிவன். படம் வெளிவந்த சின்னாட்களில் பாகவதர் ஒரு கொலை வழக்கில் சிறைப்பட்டார். பிரிவி கௌன்சில் வரை சென்ற அவ்வழக்கில் 1947-இல் விடுதலை பெற்றார். பாடியவர் சிறையில், பாட்டோ நாடெங்கும். வண்டியோட்டியும் நீதிமன்றக் குமாஸ்தாவும் ஒருங்கே அதனை முணுமுணுத்தனர். பணமும் புகழும் பாகவதரை விட்டு நீங்கின; 1959-இல் அவர் மறைந்தார்; பாட்டு இன்னும் நீங்கவில்லை. பாரதியார் பாடல்களும் அவ்வாறே. கவிஞர் 1921-இல் மறைந்து கால் நூற்றாண்டு கடந்த பின், 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் குரலில் அவை ஒலித்தபோது, நூல் வாங்க இயலாதவரும் பாரதியாரை மனனம் செய்தனர்.

பழைய பாட்டெல்லாம் நல்ல பாட்டு என்று யாம் சாதிக்க வரவில்லை. பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அக்குறுகிய எல்லைக்குள் அடைபட்ட பாட்டுக்களில் பல வெறும் ஓசை. அவற்றைக் காலமே மறக்கச் செய்தது. காலமும் ஒரு துடைப்பமே. நம் கைத்துடைப்பத்தினும் அது பொறுமையுடையது. அது பெருக்கியும் போகாது நிற்கும் ஒன்றை நாம் ஒரு முற்பகலில் பெருக்கித் தள்ளுவது அறிவுடைமையாமோ? இன்றைய பாட்டுக்களிலும் நிற்பவை உள. அவற்றை நம் பேரர் காப்பாராக.

மற்றுமோர் எதிர்வாதம் உண்டு. "எல்லாப் பாட்டும் கைப்பேசியில் கிடைக்கின்றன, தட்டும் பெட்டியும் எதற்கு?" என மாணவர் வினவுவர். எமக்கு நேர்ந்ததை மேலே கூறினோம். எல்லாம் கிடைப்பதில்லை என்பதே உண்மை. கிடைப்பனவும் வானிலிருந்து விழுந்தனவல்ல. எவரோ ஒருவர் தம் பரணைத் துடையாது விட்டமையால் எஞ்சிய தட்டிலிருந்தே அவ்வொலி கைப்பேசிக்கு ஏறிற்று. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. மறுபுறம், கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு பிறர் குப்பையெனக் கழித்த நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் திருமண அழைப்புக்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்தார். அவர் 1992-இல் மறைந்த பின் அத்தொகுதியே சென்னையில் 1994-இல் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. இன்று தமிழாராய்வார் கடல் கடந்தும் அதனை நாடி வருகின்றனர். ஒருவர் குப்பை என்பது மற்றொருவர் கல்விச் செல்வமாயிற்று.

சோம்பலுக்கு இஃது ஒரு மறைவிடமன்றோ என்று இல்லத்தரசியர் ஐயுறலாம். அவ்வையம் தீர ஒன்று சொல்வோம்: பழைய தட்டைப் பேணுதலும் துப்புரவு வேலையே. இத்தட்டுக்கள் அரக்கினால் ஆயவை. பலாசு முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சியின் பிசின் அது; நம் நாடே உலகிற்கு அதனை மிகுதியும் வழங்கிற்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், அமெரிக்காவில் தட்டுச் செய்ய அரக்குக் கிடைப்பது அரிதாகிப் பழந்தட்டுக்களைத் திரும்பப் பெற்று அரைத்துப் புதியன வார்த்தனர். எத்தனை குரல்கள் அவ்வாறு அரைபட்டனவோ! அரக்குத் தட்டுக் கீழே விழுந்தால் உடையும். வெயிலில் வைத்தால் வளையும். சாராயம் பட்டால் கரையும். மென்துணியால் வட்டமாகத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, நூல்களைப் போல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்திற்கும் மாற்றுதல் வேண்டும். இத்துணைப் பொறுமையும் சோம்பர்க்கு வாய்க்குமோ?

அன்பர்காள்! எமது வேண்டுகோள் சிறியது. அடுத்த மார்கழியில் வீட்டைத் துடைக்க ஊர் திரும்புவீர். துடைப்பத்தை எடுக்குமுன் ஒரு பொழுதை ஒதுக்குக. பரணிலுள்ள பெட்டியைத் திறந்து பாருங்கள். தட்டோ, நாடாவோ, அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகமோ இருப்பின் வீட்டு மூத்தோரை அருகழைத்து, இது யார் பாடியது, யார் வாங்கியது, எந்நாளில் கேட்டது என்று வினவுங்கள். அவர் பாடினால் நிறுத்தாது கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் கழிக்கவேண்டியதைக் கழிக்கலாம்.

எம் அன்னையார் கேட்ட பாட்டு அத்தையாரின் பதினொரு தட்டுக்களில் இல்லை. ஆயினும் விளக்கேற்றிய பின், அதன் முதலடியை யாம் பாடிக் காட்டியபோது, அத்தையார் சற்றே கண் மூடியிருந்து இரண்டாம் அடியெடுப்பில் ஓர் அடியைச் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் நினைவில்லை. அவ்வோரடியை எழுதி வைத்திருக்கின்றோம். எஞ்சியது எவர் இல்லத்துப் பரணிலேனும் இருத்தல் கூடும். அவ்வில்லத்தார் இவ்வாண்டு சிறிது சோம்பியிருந்தாராயின் அவர்க்கு எம் நன்றி உரியதாகுக.