இரண்டன்று என்பதன் பொருள்

சென்ற மாதம் எமக்கு நன்கு அறிமுகமான குடும்பமொன்றின் மரணவீட்டிற்குச் சென்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்த தாயார் காலமாகிவிட்டார். இறுதிக் காலத்தில் உடனிருந்து அவரைப் பராமரித்த மகள் தூணோரம் அமர்ந்து விம்மி அழுதுகொண்டிருந்தார். அங்கு வந்திருந்த கற்றறிந்த பெரியவர் ஒருவர் அவரை நோக்கி, "பிள்ளை, ஏன் அழுகிறாய்? பிறப்பும் இறப்பும் ஒன்றுதான். இன்பமும் துன்பமும் ஒன்றுதான். அத்வைதம் உணர்ந்தவர்கள் அழமாட்டார்கள்" என்றார். அம்மகள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குற்றம் செய்தவர்போலத் தலைகுனிந்தார். பெரியவர் ஆறுதல் கூறவே எண்ணினார் என்பதில் ஐயமில்லை. எனினும், அத்வைதம் இதைத்தான் கூறுகின்றதா என்னும் கேள்வி வீடு திரும்பிய பின்னரும் எம் மனத்தை விட்டு அகலவில்லை.

த்வைதம் என்றால் இருமை. அதன்முன் மறுப்பைக் குறிக்கும் 'அ' சேர அத்வைதம் என்றாகின்றது. தமிழில் இதனை இரண்டன்மை எனலாம். ஒன்று என நேரே சொல்லாமல், இரண்டன்று என மறுத்துச் சொல்லும் சொல்லே இத்தத்துவத்திற்குப் பெயராக நிலைத்தது. அது ஏன் என்பதை உணர, எதனையும் இரண்டாகப் பிரித்துக் காணும் நம் பழக்கத்தை முதலில் ஆராய்தல் வேண்டும்.

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூன்று பாத்திரங்களை எடுத்து, ஒன்றிற் கை பொறுக்கும் சூடான நீரும், மற்றொன்றிற் குளிர்ந்த நீரும், நடுவிலுள்ளதில் வெதுவெதுப்பான நீரும் நிரப்புங்கள். வலக்கையைச் சூட்டு நீரிலும் இடக்கையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் இரண்டையும் நடுப்பாத்திரத்தில் ஒருங்கே இடுங்கள். வலக்கை அதனைக் குளிர் என்னும். இடக்கை அதனையே சூடு என்னும். ஆங்கில அறிஞர் ஜோன் லொக் 1690ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இவ்வுண்மையை எடுத்துக் காட்டினார். நீர் ஒன்றே. அதனைச் சூடு என்றும் குளிர் என்றும் எதிரெதிரே நிறுத்தியவை முன்னனுபவத்தைச் சுமந்து வந்த நம் கைகளே. நீளம், குறுக்கம், உயர்வு, தாழ்வு, இலாபம், நட்டம் ஆகியவற்றையும் நாம் இவ்வாறே காண்கின்றோம். ஒன்றை நினையாமல் மற்றதை அறிய நம்மால் இயலாது.

ஆயின், சூடும் குளிரும் இல்லையென்று இதனாற் பெறப்படுமா? கொதிநீரிற் கையிட்டால் ஞானிக்கும் சுடவே செய்யும். கி.பி. 8ஆம் நூற்றாண்டினர் எனப் பொதுவாகக் கொள்ளப்படும் ஆதிசங்கரர் இதனை மறந்தவர் அல்லர். அரையிருளிற் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கண்டவன் அஞ்சுகின்றான். விளக்கு வந்ததும் அச்சம் நீங்குகின்றது. விளக்கு வரும்வரை அவனது நடுக்கம் நடிப்பன்று. அதுபோல, முடிந்த உண்மை வேறாயினும், உலகியல் அனுபவத்திற்கும் அதன் அளவிலே ஓர் உண்மை உண்டு எனச் சங்கரர் இரு நிலைகளை வகுத்தார்.

நம் சைவ சித்தாந்திகள் இச்சொல்லை வேறு வகையில் விளக்கினர். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்து, பன்னிரண்டு சூத்திரங்களாற் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார், அத்துவிதம் என்ற சொல் இரண்டு பொருள்கள் இருத்தலை மறுக்கவில்லை, அவை பிரிந்து நிற்றலையே மறுக்கின்றது எனக் கண்டார். உடலுக்கு இட்ட பெயரைச் சொல்லி அழைத்தால் உயிரன்றோ 'என்ன' என்று கேட்கின்றது? உடல் வேறு, உயிர் வேறு. ஆயினும் அழைக்கும்போது அவை பிரிந்து நிற்பதில்லை. இறைவனும் உயிரும் அவ்வாறே கலந்து நிற்கின்றனர் என்பது அவர் காட்டிய உவமை.

சங்கரர் கொள்கையும் மெய்கண்டார் கொள்கையும் ஒன்றல்ல. ஆயினும் இருவரில் எவரும், துன்புற்றவரைப் பார்த்து 'உனக்குத் துன்பமே இல்லை' என்று சொல்ல நமக்கு உரிமை தரவில்லை. சங்கரர் வரலாற்றில் மரபு போற்றும் நிகழ்ச்சியொன்று இதற்குச் சான்றாகும். துறவு பூணுமுன் அவர் தம் தாய் ஆரியாம்பாளுக்கு, அந்திம காலத்தில் உடன் வந்து நிற்பதாக வாக்களித்தார். அவ்வாறே காலடிக்குத் திரும்பி வந்தார். துறவிக்கு ஈமக்கிரியை செய்யும் உரிமை இல்லையென உறவினர் மறுத்தும், தாயின் சிதைக்குத் தம் கையாலேயே தீ மூட்டினார் என்பர். இரண்டன்மையை உலகிற்கு உரைத்தவர், தாயும் இல்லை, மகனும் இல்லை என்று ஒதுங்கி நிற்கவில்லை.

அன்பும் துயரும் நமக்கு எதிர்ப்பதங்களாகத் தோன்றுகின்றன. ஆனால் அன்பில்லாத இடத்திற் பிரிவுத்துயர் ஏது? அன்று அம்மகளின் கண்ணில் வழிந்தது, அத்தனை காலமும் தாய்க்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அதே அன்புதான். அதனைத் துடைக்கச் சொல்வது அத்வைதம் அன்று. அவ்விரண்டும் பிரிவற்றவை எனக் கண்டு, வாய் பேசாது அருகில் அமர்ந்திருப்பதே அத்வைதத்திற்கு அணித்தாகும்.

முப்பத்தோராம் நாள் அவ்வீட்டிற்கு மீண்டும் சென்றோம். படையலுக்கு வேண்டியவற்றை ஒழுங்கு செய்தவாறே, சமையலில் உப்புக் கூடிய நாட்களில் தாயார் தம்மை எவ்வாறு ஏசுவார் என்று அம்மகள் சொல்லிக் காட்டினார். சொல்லும்போதே சிரித்தார், சிரிக்கும்போதே கண் கலங்கினார். எது சிரிப்பு, எது அழுகை எனப் பிரித்துச் சொல்ல எம்மால் இயலவில்லை. அந்தப் பெரியவரும் அங்கிருந்தார். இம்முறை அவர் எதுவும் கூறவில்லை. தமது சால்வை நுனியால் மெல்லக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.