மனநோய் தகுதிக்குறைவு அல்ல

தில்லி நீதித்துறைப் பணிக்கான 2018-ஆம் ஆண்டுத் தேர்வில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டின்கீழ் தேர்ச்சி பெற்ற ஒருவர், பணி நியமனம் பெற உச்சநீதிமன்றம் வரை போராட நேர்ந்தது. 'பைபோலார்' எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர் அவர். அக்கோளாறு நிரந்தர ஊனம் அல்ல என்று கூறி அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தில்லி உயர்நீதிமன்றம் 2020-இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் மருத்துவக் குழுவின் கருத்தைக் கேட்டறிந்த உச்சநீதிமன்றம், 2021-இல் நியமனத்துக்கு வழிவிட்டது.

நோய் முற்றினால் பணிக்குத் தகுதியில்லை. மருந்தால் கட்டுக்குள் இருந்தால் மாற்றுத்திறனாளி இல்லை. இந்த விசித்திர வாதத்துக்கு அடிப்படை, நோயைப் பற்றிய அறியாமையே.

காலையில் மகிழ்ச்சி, மாலையில் சலிப்பு என்பது எல்லோருக்கும் உள்ள இயல்பு. அது இந்த நோயாகாது. இந்நோயில் மட்டுமீறிய எழுச்சி ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். உறக்கம் குறைந்தாலும் களைப்புத் தெரியாது, பேச்சு கட்டுக்கடங்காது, சேமிப்பு முழுவதையும் சில நாள்களில் செலவிட்டுவிடுவோரும் உண்டு. மறுதுருவமான மனச்சோர்வோ வாரக்கணக்கில் வாட்டும். தற்கொலை எண்ணம் வரை கொண்டுசெல்லும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பலரும் மற்றவர்களைப் போலவே பணியாற்றுகிறார்கள்.

எழுச்சி நிலையை நோயென்று குடும்பத்தினர் உணர்வதில்லை. 'திமிர்' என்றோ 'ஊதாரித்தனம்' என்றோ முத்திரை குத்திவிடுகின்றனர். சோர்வு வந்த பிறகே மருத்துவரை நாடுகின்றனர். முந்தைய எழுச்சியை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், சோர்வுக்கு மட்டும் தரப்படும் மருந்தே மீண்டும் எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். குணமாகிவிட்டதாக எண்ணி மருந்தை நிறுத்துவதும் நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்நோய் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை என்று தெரிவித்தது. இத்தனைக்கும் இதற்கான லித்தியம் மருந்தின் பயன் 1949-லேயே கண்டறியப்பட்டுவிட்டது. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பரிசோதிப்பது அவசியம். அந்த வசதி இல்லாத ஊர்களில் மருந்து இருந்தும் முழுப் பயனில்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மனநோயையும் உள்ளடக்கிய பிரிவினருக்கு அரசுப் பணிகளில் ஒரு சதவீத ஒதுக்கீடு அளிக்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017. நாடாளுமன்றம் எழுதித் தந்த உரிமையைப் பெற ஒவ்வொருவரும் நீதிமன்றப் படியேற வேண்டும் என்றால், அச்சட்டங்களால் என்ன பயன்?

மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் லித்தியமும் அதற்கான ரத்தப் பரிசோதனையும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. விண்ணப்பதாரரின் நோயின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அவரது பணித்திறனை மருத்துவ வல்லுநர்களைக் கொண்டு மதிப்பிடுவது தேர்வு அமைப்புகளின் கடமை. சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவரை யாரும் தகுதியற்றவர் என்று ஒதுக்குவதில்லை. மனநோய்க்கு மாத்திரை உட்கொள்பவருக்கு மட்டும் வேறு நீதி கூடாது.